இரண்டு விமான இருக்கைகள்

வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் பார்க்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பளிங்கு. 1935-இல் கட்டி முடித்த மாளிகை. அகன்ற படிக்கட்டு, பதினாறு தூண்கள், அவற்றுக்கு மேலே 'சட்டத்தின் கீழ் சம நீதி' என்று செதுக்கிய வாசகம். வாசகத்துக்கு நேர் கீழே வெண்கலக் கதவு. 2010-இல் பாதுகாப்பைக் காரணம் காட்டி, அந்த முன்வாசல் வழியாக மக்கள் உள்ளே வருவதை நிறுத்தினார்கள். வெளியே போகத் தடையில்லை. உள்ளே வர வேண்டியவர்கள் படிக்கட்டின் பக்கவாட்டில் இருக்கும் கீழ்வாசலில் சோதனை முடித்து வர வேண்டும். நீதிபதிகளில் இருவரே இதை எதிர்த்து எழுதினார்கள், எடுபடவில்லை. ஆக, சம நீதிக்கு அடியில் வெளியேறலாம், நுழைய முடியாது. இந்த நீதிமன்றத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தை வேறு யாரும் கொடுத்ததில்லை.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஏற்பாடெல்லாம் கச்சிதம். அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் ஒரு வரிசை, கூட்டாட்சி அரசின் நீதிமன்றங்கள் இன்னொரு வரிசை. இந்த இரண்டாவது வரிசையில் மூன்று படிகள்: கீழே 94 மாவட்ட நீதிமன்றங்கள், நடுவே 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் ஒன்பது பேர். உச்சிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மனுக்கள் வருகின்றன. அவற்றில் அறுபது சொச்சம்தான் வாதம் கேட்கும் அளவுக்குப் பிழைக்கின்றன. ஒன்பது பேரில் நான்கு பேர் சம்மதித்தால் மனு உள்ளே, இல்லையென்றால் வெளியே. ஏன் வெளியே என்று அவர்கள் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் கேட்க முடியாது.

மனுவின் அழகிலும் அவர்களுக்கு அக்கறை உண்டு. அகலம் ஆறே காலுக்குச் சற்றுக் குறைவு, உயரம் ஒன்பதே கால் அங்குலம் என்று அளவெடுத்துப் புத்தகமாக அச்சிட்டு நாற்பது பிரதிகள் கொடுக்க வேண்டும். ஏழைக்கு விலக்கு உண்டு. புளோரிடா சிறையில் இருந்த கிளாரன்ஸ் ஏர்ல் கிதியன் என்ற ஏழை, சிறைத் தாளில் பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவை ஏற்றுக்கொண்டு, வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963-இல் தீர்ப்பளித்தார்கள். நல்ல தீர்ப்பு, மறுப்பதற்கில்லை. அந்த ஒரு பென்சிலைக் காட்டியே அறுபது ஆண்டுகளாகக் காலத்தை ஓட்டிவிட்டார்கள் என்பதுதான் பிரச்சினை.

பென்சில் பிடித்த மற்றவர்கள் கதையைக் கேளுங்கள். ஒஹையோவில் ஒரு கைதி மேல்முறையீடு செய்யக் கூடுதல் அவகாசம் கேட்டார். விதிப்படி 14 நாள்தான் கொடுக்கலாம். கூட்டாட்சி நீதிபதி தவறுதலாக 17 நாள் கொடுத்துவிட்டார். நீதிபதி போட்ட தேதியை நம்பிய கைதி, அதற்கு ஒரு நாள் முன்பாகவே, பதினாறாவது நாளில் மனுவைக் கொடுத்தார். 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்னது: காலம் கடந்துவிட்டது, மனு செல்லாது. பிழை செய்தவர் நீதிபதி. தண்டனை, அவரை நம்பியவருக்கு. எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு சொகுசுக் கப்பலில் அவரைச் சந்திப்போம்.

அதே தாமஸ் 2022-இல் அரிசோனாவின் மரண தண்டனைக் கைதிகள் இருவருக்கு இன்னொரு பாடம் எடுத்தார். அவர்களில் ஒருவருக்கு அரசு கொடுத்த வக்கீல்கள் அடுத்தடுத்துச் சொதப்பியதால், அவருக்குச் சாதகமான சான்றுகள் மாநில நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அந்தச் சான்றுகளை ஏழு நாளாகக் கேட்டு, தண்டனை நிற்காது என்றது. உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று திருப்பி அடித்தது: அந்தச் சான்றுகளைக் கேட்டிருக்கவே கூடாதாம். குற்றவாளியா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். சான்று எந்தக் கோப்பில் இருந்தது என்பதே முதல் பட்சம். மறு ஆண்டு மாநில அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டால் அவர் சிறையை விட்டு வெளியே வந்தார். உச்ச நீதிமன்றத்தின் புண்ணியத்தில் அல்ல.

நாளில் இவ்வளவு கறார் என்றால் தூரத்தில் எப்படி? அதற்குச் சாட்சி ஒரு தமிழர். 2017 பிப்ரவரியில் இலங்கையிலிருந்து தப்பி வந்த ஒருவர் மெக்சிகோ வழியாகக் கலிபோர்னியாவுக்குள் நுழைந்தார். எல்லையிலிருந்து 25 கஜத்தில் பிடித்தார்கள். வேனில் வந்தவர்கள் தன்னைக் கடத்திக் கட்டிப்போட்டு அடித்தார்கள் என்றார். வேன் என்றால் என்ன என்பதை இலங்கைத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விசாரித்த அதிகாரிக்கு மட்டும் விளக்கம் தேவைப்பட்டது. அடி வாங்கியதை அவர் நம்பினார். ஆனால் அடித்தவர்கள் யார், ஏன் அடித்தார்கள் என்று இந்த மனிதருக்குச் சொல்லத் தெரியவில்லையே என்று புகலிடக் கோரிக்கையைத் தள்ளினார். கடத்துகிறவர்கள் விசிட்டிங் கார்டு கொடுத்து, காரணத்தை எழுத்தில் தந்து, அதன்பிறகு அடிப்பார்கள் என்பது அலுவலகத்தின் நம்பிக்கை போலும்.

இதைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று சரிபார்க்கட்டும் என்று அவர் கேட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் சரி என்றது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று முடியாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சாமுவேல் அலிட்டோ. 25 கஜம் உள்ளே வந்தவன் சட்டத்தின் கண்ணில் உள்ளே வரவேயில்லை, வாசலில் நிற்கிறான் என்பது அவர் வாதம். ஆட்கொணர்வு மனு என்பது சிறையிலிருந்து விடுதலை கேட்பதற்கு, நாட்டில் தங்கக் கேட்பதற்கு அல்ல என்றார். அதோடு விட்டாரா? விடுதலைதான் வேண்டுமென்றால் அரசு மகிழ்ச்சியோடு விடுவிக்கும், ஆனால் அந்த விடுதலை இலங்கைக்குப் போகும் விமானத்துக்குள் நடக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். திரும்பிப் போனால் மறுபடி வேன் வரும் என்று நடுங்கும் மனிதனைப் பார்த்து, வாழ்நாள் பதவியில் இருக்கும் ஒரு நீதிபதி செய்த நகைச்சுவை அது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுதிகளில் நிரந்தரமாக இடம்பெற்றிருக்கிறது.

அலிட்டோவுக்கு விமான இருக்கைகளைப் பற்றி அனுபவம் இருக்கிறது. 2008-இல் அவர் அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போனார். கொண்டுபோய் விட்டது பால் சிங்கர் என்ற பெருமுதலீட்டாளரின் தனி விமானம். பிறகு சிங்கரின் முதலீட்டு நிறுவனத்துக்கு அர்ஜென்டினாவோடு இருந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2014-இல் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகம். அலிட்டோ விலகவில்லை, சாதகமான பக்கத்திலேயே வாக்களித்தார். 2023-இல் பத்திரிகையாளர்கள் கேள்வி அனுப்பியதும், அவர்கள் செய்தி வெளியாவதற்குள் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் முந்திக்கொண்டு பதில் எழுதினார். வழக்கில் சிங்கருக்குத் தொடர்பு இருப்பது தனக்குத் தெரியாது என்றார். விமானமா? தனக்குத் தெரிந்தவரை அந்த இருக்கை தான் உட்காராவிட்டால் காலியாகத்தான் போயிருக்கும் என்றார்.

இதுவன்றோ நியாயம்! காலி இருக்கையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததாகாது. 25 கஜம் நடந்து வந்தால் வந்ததாகாது. இரண்டையும் சொன்னது ஒரே வாய். துணிக்கடைக்காரர் உறவினருக்கு அளக்கும்போது கஜக்கோல் நீளும், தெரியாதவருக்கு அளக்கும்போது சுருங்கும் என்பார்கள். அவருக்காவது வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டாரே என்ற பயம் இருக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை. அரசியல் சட்டப்படி நன்னடத்தை உள்ளவரை பதவி. நன்னடத்தை எது என்று தீர்மானிப்பதும் நடைமுறையில் அவர்களே.

இப்போது தாமஸின் கப்பலுக்கு வருவோம். 2019-இல் டெக்சாஸ் கோடீசுவரர் ஹார்லன் க்ரோவின் தனி விமானத்தில் பறந்து, அவருடைய சொகுசுக் கப்பலில் இந்தோனேசியத் தீவுகளைச் சுற்றினார். 2014-இல், தாமஸின் தாயார் குடியிருந்த வீட்டைக் க்ரோ விலைக்கு வாங்கினார். தாயார் அங்கேயே தொடர்ந்து இருந்தார். தாமஸ் வளர்த்த, அவருடைய சகோதரியின் பேரனின் தனியார் பள்ளிக் கட்டணத்தையும் க்ரோ கட்டினார். சொத்துக் கணக்கில் இவை எதுவும் உரிய காலத்தில் வரவில்லை. நெருங்கிய நண்பரின் விருந்தோம்பலைக் கணக்கில் காட்டத் தேவையில்லை என்று தனக்கு ஆலோசனை சொன்னார்கள் என்றார் தாமஸ். ஒஹையோ கைதிக்கு நீதிபதியே எழுதித் தந்த தேதியை நம்பியது குற்றம். தாமஸுக்கு யாரோ சொன்ன ஆலோசனையை நம்பியது சமாதானம்.

சட்டம் எவ்வளவு தூரம் வளையும் என்பதை 2024 ஜூனில் காட்டினார்கள். இண்டியானாவில் போர்ட்டேஜ் என்ற ஊரின் மேயர், ஏறத்தாழ 11 லட்சம் டாலருக்குக் குப்பை லாரி வாங்கும் ஒப்பந்தங்கள் ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்த பிறகு, அதே நிறுவனத்திடம் 13,000 டாலர் பெற்றார். ஆலோசனைக் கட்டணம் என்றார். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று காப்பாற்றியது. வேலைக்கு முன்னால் பேசி வாங்கினால் லஞ்சம். வேலை முடிந்த பின் கொடுத்தால் அது நன்றிக்காணிக்கை, அந்தக் கூட்டாட்சிச் சட்டத்துக்குள் வராது என்றார்கள். சட்டத்தின் வாசகத்தில் வெகுமதி பெறும் நோக்கமும் குற்றம் என்று வெளிப்படையாகவே இருந்தது. எழுத்தை எழுத்தாகவே படிப்போம் என்று சத்தியம் செய்பவர்கள், அந்த ஒரு சொல் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நன்றிக்காணிக்கைகளோடு நெருங்கிப் பழகியவர்கள் பெரும்பான்மையில் இருந்தது தற்செயல்தான், சந்தேகப்படாதீர்கள்.

இந்த ஒன்பது பேர் எப்படி அங்கே வருகிறார்கள்? அதிபர் பெயர் சொல்வார், செனட் ஒப்புக்கொள்ளும். இதிலும் நாட்காட்டிதான் கதாநாயகன். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தார். மார்ச் 16-இல் ஒபாமா, மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். அதிபர் தேர்தலுக்கு ஏறத்தாழ எட்டு மாதம் இருந்தது. தேர்தல் நெருங்கிவிட்டது, மக்கள் முடிவு செய்யட்டும் என்று செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் விசாரணையே வைக்க மறுத்தார். 2020 செப்டம்பர் 18-இல் நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு 46 நாள்தான். அதே மெக்கானல் ஏமி கோனி பேரட்டைத் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, 52-க்கு 48 என்ற வாக்கில் நாற்காலியில் உட்கார வைத்தார். எட்டு மாதம் நெருக்கம், எட்டு நாள் தாராளம். ஒஹையோ கைதிக்கு இந்த நாட்காட்டி கிடைத்திருந்தால் இன்னும் அவகாசம் மிச்சமிருக்கும்.

நாட்காட்டி வித்தையில் குரு இந்த மன்றமே. 2000 தேர்தலில் புளோரிடாவில் புஷ் 537 வாக்கு முன்னிலை. மறுஎண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 9-இல் நிறுத்து என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 12 இரவு தீர்ப்பு: எண்ணும் முறை சரியில்லை, சரிசெய்து எண்ணலாம், ஆனால் கெடு இன்றோடு முடிகிறது, நேரமில்லை. கடிகாரத்தைக் கையில் பிடித்து வைத்திருந்தவர்களே நேரமாகிவிட்டது என்றார்கள். 5-க்கு 4. அந்த நியாயம் அந்த வழக்குக்கு மட்டும்தான் என்று தீர்ப்பிலேயே ஒரு குறிப்பு வேறு. அதாவது, நாளைக்கு நீங்கள் யாரும் இதைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள்.

வரலாற்றில் இவர்கள் பெருமையாகக் காட்டுவது 1954-ஐ. பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர் என்று பிரிப்பது செல்லாது என்று ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்ன ஆண்டு. வணங்கத்தக்க தீர்ப்புதான். அது திருத்தியது யார் தவறை? 1896-இல் இதே மன்றம் எழுதிய தவறை. இடையில் 58 ஆண்டுகள், தலைமுறைகள் பிரிந்த பள்ளியில் படித்துக் கிழவர்களானார்கள். அதற்கு முன் 1857-இல் கறுப்பர் அமெரிக்கக் குடிமகனாகவே முடியாது என்றது இந்த மன்றம். 1944-இல் ஜப்பானிய வம்சத்தவரை வீட்டைவிட்டு விரட்டியதைச் சரி என்றது. ஊரைக் கொளுத்தியவர் பிறகு ஒரு நாள் தண்ணீர் ஊற்றினால் தீயணைப்பு வீரர் பட்டம் கேட்கலாமா?

அதிலும் பெண்களுக்குத் தண்ணீர் ஊற்றியதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டார்கள். 1973-இல் கொடுத்த கருக்கலைப்பு உரிமையை 2022 ஜூன் 24-இல் பிடுங்கினார்கள். எழுதியவர் மீண்டும் அலிட்டோ. நாட்டின் வரலாற்றில் வேரூன்றிய உரிமையா என்று பார்க்க அவர் துணைக்கு அழைத்தவர்களில் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி மேத்யூ ஹேல். இரண்டு கிழவிகளைச் சூனியக்காரிகள் என்று விசாரித்துத் தூக்குக்கு அனுப்பிய நீதிமன்றத்தில் தலைமை வகித்தவர் அவர். மனைவியைக் கணவன் வன்புணர்வது குற்றமாகாது என்று எழுதி வைத்தவரும் அவரே. இருபத்தோராம் நூற்றாண்டுப் பெண்ணின் உடலுக்குச் சட்டம் சொல்ல, சூனியத்தை நம்பிய கிழவரைக் கல்லறையிலிருந்து எழுப்பி வந்தார்கள். கோபம் வராதவர் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 2024 ஜூலை 1. அப்போது முன்னாள் அதிபராக இருந்த ட்ரம்ப்பின் வழக்கில் 6-க்கு 3 என்று முடிவு செய்தார்கள். அதிபர் தன் அடிப்படை அரசியல் சட்ட அதிகாரங்களைக் கொண்டு செய்த எதற்கும் குற்ற வழக்கே கிடையாது. மற்ற அலுவல் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்றே முதலில் கொள்ள வேண்டும். சொந்தச் செயலுக்கு மட்டும்தான் விலக்கில்லை. எது அலுவல், எது சொந்தம் என்று பிரிக்கும்போது, எந்த நோக்கத்தோடு செய்தார் என்று நீதிமன்றம் கேட்கவே கூடாது. எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். அந்த ஆறு பேரில் மூவர் ட்ரம்ப் நியமித்தவர்கள்.

ஒரு நிமிடம் நில்லுங்கள். அடி வாங்கிய தமிழரிடம், அடித்தவர்கள் எந்த நோக்கத்தோடு அடித்தார்கள் என்று அதிகாரி கேட்டார், தெரியாததால் தள்ளினார். உலகின் மிக வலிமையான படையை வைத்திருப்பவரிடம் எந்த நோக்கத்தோடு செய்தாய் என்று கேட்கவே கூடாது என்கிறார்கள். முதலாவதைச் சரிபார்க்க முடியாது என்றதும், இரண்டாவதைச் சொன்னதும் ஒரே அங்கி போட்டு, ஒரே பளிங்கில் உட்கார்ந்தவர்கள்.

இப்போது காரணம் எழுதும் சிரமத்தையும் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். அவசர மனு என்று அரசு ஓடிவந்தால், முழு விசாரணை இல்லாமல், கையெழுத்து இல்லாமல், சில வரிகளில் உத்தரவு. 2025 ஜூனில், ஆட்களை அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது நாட்டுக்கு நாடுகடத்தும் முன், அங்கே சித்திரவதை நேரும் என்று சொல்ல அவகாசம் கொடுங்கள் என்ற மாவட்ட நீதிபதியின் ஆணையை நிறுத்தினார்கள். காரணம் ஒரு வரிகூட இல்லை. எதிர்த்த நீதிபதி சொட்டோமயோர் பக்கம் பக்கமாக எழுதினார். ஜிபூட்டியில் அமெரிக்கத் தளத்தில் ஒரு சரக்குப் பெட்டிக்குள் காவலில் இருந்த எட்டுப் பேர் அடுத்த இரண்டு வாரத்துக்குள் தெற்கு சூடானுக்குப் போனார்கள். அவர்களுக்கும் விமானத்தில் இருக்கை கிடைத்தது. அதே ஜூனில், ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுமைக்கும் தடை போடும் அதிகாரத்தையும் வெட்டினார்கள். கீழே யாராவது நிமிர்ந்து நின்றால் தலையில் தட்டுவதும் மேல்முறையீடுதான்.

இவர்களுக்கு மேல் யார்? கட்டடத்தின் மேல்மாடியில், விசாரணை அறைக்கு மேலே, ஒரு கூடைப்பந்து கோர்ட்டு இருக்கிறது. அதுதான் மேல் கோர்ட்டு. வேறு எதுவும் இல்லை. பதவி நீக்க விசாரணை வரை போன ஒரே உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ். 1804-இல் குற்றம் சாட்டினார்கள், 1805-இல் செனட் விடுவித்தது. 1969-இல் நீதிபதி ஏப் ஃபோர்ட்டாஸ் ஒரு தொழிலதிபரின் அறக்கட்டளையிடம் 20,000 டாலர் வாங்கியது வெளியே வந்ததும், அதைத் திருப்பிக் கொடுத்திருந்தும், வெட்கப்பட்டு ராஜினாமா செய்தார். அந்த வெட்கம் பிறகு யாருக்கும் வரவில்லை. கீழ்க் கூட்டாட்சி நீதிபதிகளுக்கு 1973 முதல் நடத்தை விதி இருக்கிறது, புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. உச்சியில் இருப்பவர்கள் தங்களுக்கென்று விதி எழுதியதே 2023 நவம்பரில், கப்பலும் விமானமும் செய்தியான பிறகு. மீறினால் யாரிடம் புகார், என்ன தண்டனை என்று அதில் இல்லை.

இந்த மன்றத்திடம் படையும் இல்லை, கஜானாவும் இல்லை. மக்கள் வைத்த மரியாதை ஒன்றுதான் அதன் சொத்து. அதை எதிரிகள் யாரும் கொள்ளையடிக்கவில்லை. மீன் பிடிக்கப் போன இடத்திலும் கப்பல் தளத்திலும் இவர்களே கொடுத்துவிட்டு வந்தார்கள். ஒன்பது என்ற எண்ணிக்கை அரசியல் சட்டத்தில் இல்லை. 1789-இல் ஆறு, பிறகு கூடியும் குறைந்தும் 1869-இல் ஒன்பதாக நின்றது. நாடாளுமன்றமான காங்கிரஸ் நினைத்தால் எண்ணிக்கையை மாற்றலாம், நடத்தை விதிக்குப் பல் வைக்கலாம், வாங்குவதைக் கணக்கில் எழுத வைக்கலாம். 2023-இல் அப்படி ஒரு மசோதா செனட்டின் நீதிக் குழுவைத் தாண்டியது. செனட் அதை நிறைவேற்றவேயில்லை.